அத்தைக்கு ஒரு கிண்ணம் பரங்கிக்காய் சூப்

நவம்பர் கடைசியில் அத்தைக்கு மீதியிருந்த ஆறு பல்லையும் எடுத்தாயிற்று. ஈறு நன்றாக ஆறின பிறகுதான் செட்டுக்கு அளவெடுக்க முடியும், பொங்கல் ஆகிவிடும் என்றார் டாக்டர். வீடு திரும்பும் வழியில் அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப இந்த வருசம் எனக்கு டான்பௌ கிடையாதா?"

யாங்கோனில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் கோழி டான்பௌ. நம்மூர் பிரியாணிக்குப் பர்மாக்காரர்கள் வைத்த பெயரும் அவர்கள் கைப்பக்குவமும். மாமா உயிரோடு இருந்த நாளிலிருந்து அது மாறியதில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கோழி கடிக்கும்போது எழுபத்தெட்டு வயது மனுஷி மட்டும் ஓரத்தில் கஞ்சி குடிப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. கஞ்சி காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. திருநாளன்று எல்லார் இலைக்கும் வருகிற ஒன்று அவருக்கும் வர வேண்டும், அதை அவர் பல் இல்லாமல் சாப்பிட முடிய வேண்டும். அப்படித்தான் க்ரீம் சேர்த்த பரங்கிக்காய் சூப் என்று முடிவு செய்தேன். "மேல நட்சத்திர ரொட்டி போடணும்மா" என்று மகள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்.

இங்கே சூப் இல்லாமல் சாப்பாடு கிடையாது. சோற்றோடு ஒரு கிண்ணம் ஹின்ஜோ கட்டாயம் இருக்கும். ஆனால் அது ரசம் மாதிரித் தெளிவாக, கீரையோ சுரைக்காயோ மிதக்க இருப்பது. கரண்டியைச் சாய்த்தால் மெல்ல இறங்குகிற கெட்டி சூப்பை நான் அதுவரை வைத்ததே இல்லை.

முதல் தடவை டிசம்பர் முதல் ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து பரங்கிக்காயைத் தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணீரில் வேகவைத்து, மிக்சியில் அடித்து, பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பால் திரிந்து போயிற்று. திப்பி திப்பியாக மேலே மிதக்க, அடியில் மஞ்சள் தண்ணீர். புளிப்பும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்தால் பால் தாங்காது என்பது தயிர் உறைய வைக்கிற எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் கை போய்விட்டது. ஆனால் பால் திரியாமல் இருந்திருந்தாலும் அந்த சூப் தேறியிருக்காது. ருசியே இல்லை. தண்ணீரில் வெந்த காய் தன் தித்திப்பைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நின்றது.

காயும் சரியில்லை என்று சொன்னது பக்கத்து வீட்டு அமா. பர்மியப் பெண்மணி, நான் அவரை அக்கா முறைக்கு அமா என்றே கூப்பிடுவேன். மிச்சமிருந்த கீற்றை நகத்தால் அழுத்திக் காட்டினார். நகம் உள்ளே இறங்கியது. "இது பிஞ்சு. நீ கறி வைக்கிற காயை வாங்கிட்டு வந்திருக்கே" என்றார். அடுத்த சனிக்கிழமை அவரோடு தெயின்ஜி சந்தைக்குப் போனேன். பரங்கிக்காய்க்குப் பர்மியில் ஷ்வேபயோன் என்று பெயர், ஷ்வே என்றால் தங்கம். காம்பு காய்ந்து தக்கை மாதிரி இருக்க வேண்டும், தோல் மினுமினுக்கக் கூடாது, நகம் இறங்கக் கூடாது, பார்க்கிறதைவிடத் தூக்கினால் கனமாக இருக்க வேண்டும். கீறி வைத்திருந்தால் உள் சதை வெளிறிய மஞ்சளாக இல்லாமல் நல்ல செம்மஞ்சளாக இருக்க வேண்டும். அமா நாலு காயைத் தூக்கிப் பார்த்து ஐந்தாவதை எடுத்தார். ஒன்றரை வீசை.

வீசை என்று எழுதும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம். இந்த நாட்டில் இன்றும் காய்கறியும் மீனும் 'பெய்தா' கணக்கில்தான் விற்கிறார்கள். இங்கிலீஷில் எழுதினால் அது 'விஸ்'. நம் வீசைதான் கடல் தாண்டி வந்து அப்படி ஆனது. தமிழ்நாட்டுச் சந்தையில் கிலோ வந்து வீசையைத் துரத்திவிட்டது. இங்கே ஒரு வீசை சுமார் 1.63 கிலோ என்று இன்னும் தராசில் இருக்கிறது. பரங்கிக்காய்க்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கண்டத்துக் காய். பரங்கியரோடு வந்ததால் நமக்குப் பரங்கிக்காய். போர்த்துக்கீசியரைக் குறித்த அதே சொல்தான் பர்மியில் 'பயின்ஜி' ஆகி, இப்போது கத்தோலிக்கர் எல்லாருக்கும் அந்தப் பெயர். ஆற்றுக்கு அக்கரையில் தான்லியினில் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியன் கோட்டை கட்டி ஆட்சி செய்து, 1613இல் வீழ்ந்தான். பெயர் மட்டும் எங்கள் மேல் ஒட்டிக்கொண்டது. பயின்ஜி வீட்டில் பரங்கிக்காய் சூப். இதைச் சொன்னதும் அத்தை பல்லில்லாத வாயோடு சிரித்தார்.

இரண்டாம் தடவை தண்ணீரைப் பக்கத்திலேயே விடவில்லை. எங்கள் வீட்டில் கேக் சுடுகிற 'அவன்' அடுப்பு கிடையாது. ஆனால் ரவையில் சனுவின்மகின் என்கிற பர்மிய கேக் செய்யத் தெரியும். கீழே கரி அடுப்பு, மேலே மூடியில் தணல், இரண்டுக்கும் நடுவில் பண்டம் வேகும். அதே முறையைக் காய்க்குக் கொண்டுவந்தேன். தோலோடு பெரிய கீற்றுகளாக வெட்டி, விதையை வழித்து, சதைப் பக்கம் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் தடவி, தோல் அடியில் படும்படி கனத்த இரும்புச் சட்டியில் அடுக்கினேன். மூடியின் மேல் தணல். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது விளிம்பெல்லாம் பழுப்பேறி, நடுவில் சின்னச் சின்னக் குமிழாகச் சாறு கொப்புளித்து, வெல்லப்பாகு வாசனை வந்தது. கரண்டியை வைத்து வழித்தால் தோலை விட்டு அப்படியே வந்தது சதை. கை நிறைய அள்ளினால் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

சூப் கெட்டியாக வந்தது. ஆனால் அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாயசம் நல்லாருக்கு" என்றார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. காய்க்குள் இருந்த இனிப்பு முழுதும் வெளியே வந்திருக்கிறது, அதை எதிர்த்து நிற்க உள்ளே ஒன்றும் இல்லை. எலும்புச் சாறு வேண்டும், இஞ்சி வேண்டும், மிளகு வேண்டும், உப்பு நான் பயந்து போட்டதைவிடக் கூடுதலாக வேண்டும்.

இருபத்துநாலாம் தேதி மூன்றாவது தடவை, நிஜமான தடவை. எங்கள் பகுதிக்கு அன்று மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை கரண்ட் வருகிற முறை. அதற்குள் மிக்சி வேலை முடிய வேண்டும், ராத்திரிப் பூசைக்கும் கிளம்ப வேண்டும். மத்தியானமே டான்பௌக்கு வாங்கின கோழிகளின் கழுத்து, கால், முதுகெலும்பை ஒரு வெங்காயத்தோடும் பத்து மிளகோடும் ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் வைத்து வடிகட்டினேன். இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கினேன். வெங்காயம் சிவந்தால் சூப்பின் நிறம் கெட்டுவிடும். அதோடு ஒரு விரல் இஞ்சி. சுட்ட சதையைப் போட்டு, சாறு முக்கால் லிட்டர் ஊற்றி, இருபது நிமிடம். கொஞ்சம் ஜாதிக்காய் துருவினேன்.

ஆறவிட்டு, மிக்சி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல் அடித்தேன். சூடான குழம்பை ஜார் நிறைய ஊற்றினால் ஆவி மூடியைத் தூக்கிவிடும், கை வெந்துபோகும். இரண்டு ஜார் முடிந்தது. மூன்றாவதை வைத்தேன், கரண்ட் போய்விட்டது. மணி ஏழேகால். இன்னும் பாதிச் சட்டி கரகரவென்று கிடக்கிறது.

மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு தேங்காய்ப்பால் வடிக்கிற சல்லடையை எடுத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து மிச்சத்தை வடித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது, தோள்பட்டை விட்டுப்போயிற்று. சல்லடையில் தங்கினது நார், கைப்பிடியளவு. கீழே விழுந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். மிக்சியில் அடித்ததையும் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. மிக்சி நாரைப் பொடியாக்குகிறது, சல்லடை நாரை எடுத்துவிடுகிறது. முன்னது நாக்கில் மெல்லிய மணலாக உரசும், பின்னது பட்டாக இறங்கும். அடித்ததையும் எடுத்துச் சல்லடையில் ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் திருப்தி. க்ரீம் இன்னும் ஒரு சொட்டுகூட விடவில்லை, ஆனால் சூப் க்ரீம் மாதிரி நின்றது. கெட்டி காயிலிருந்து வருவது, க்ரீம் வாசனைக்கும் வழுவழுப்புக்கும்தான். தண்ணீர்ச் சூப்பில் க்ரீமை எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர்தான் வெளுக்கும்.

கரண்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜை நம்ப முடியாது. டிசம்பர் ராத்திரி இங்கே கொஞ்சம் குளிரும் என்றாலும் எலும்புச் சாறு சேர்த்ததை வெளியே வைக்கத் துணிவில்லை. அகலமான இரண்டு தட்டுகளில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் மாற்றி, ஐஸ்கட்டி நிரப்பின தொட்டிக்குள் இறக்கிவிட்டுப் பூசைக்குப் போனோம்.

இனி நட்சத்திரம். மகளோடு அதை முந்தின நாளே செய்து வைத்திருந்தேன். அச்சுக்குக் கடையெல்லாம் தேடிக் கிடைக்காமல், டீக்குப் போடுகிற கன்டென்ஸ்டு பால் டப்பாவை வெட்டினோம். விரலகலத்தில் ஒரு தகரப் பட்டை, காகிதத்தில் வரைந்த நட்சத்திரத்தின் மேல் வைத்துக் குறட்டால் மடிக்க மடிக்கப் பத்து மடிப்பு. ஐந்து வெளியே, ஐந்து உள்ளே. பிடிக்கிற விளிம்பை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளங்கையைக் கிழிக்கும். ரொட்டி முந்தின நாள் ரொட்டியாக இருக்க வேண்டும். புதுசு அச்சில் நசுங்கி ஒட்டிக்கொள்கிறது. ஒரு துண்டுக்கு இரண்டு நட்சத்திரம் வந்தது.

தோசைக்கல்லில் நெய் தடவி வாட்டினேன். வெண்ணெயில் முதலில் செய்து பார்த்தேன். அதிலிருக்கிற பால் கசடு ரொட்டி முறுகுவதற்குள் கருகிவிடுகிறது. நெய்யில் அந்தத் தொல்லை இல்லை. இருந்தும் முனைகள் கருகின. நடு வெள்ளையாக இருக்கும்போதே ஐந்து மூக்கும் கறுப்பு. ஏழெட்டு வீணானது. தீயை நன்றாகத் தணித்து, முனைகளைக் கத்திரியால் மொட்டையாக நறுக்கி, ஒரு பக்கம் நாலு நிமிடம் பொறுமையாக வைத்தபோது சீராகப் பொன்னிறமானது. இரண்டு விரலால் தட்டினால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். மொத்தென்று வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மறுநாள் நமுத்துவிடும். முழுக்க ஆறின பிறகு பிஸ்கட் டின்னில் அடைத்தோம். இருபத்தைந்து தேறியது. வெட்டின ஓரங்களைப் பொடித்துக் கட்லெட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் சூப்பைச் சிறு தீயில் நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கினேன். பால்காரரிடம் சொல்லி வாங்கின பாலாடை, டீக்கடைகளில் மலாய்ங் என்பார்களே அது. ஒரு கிண்ணத்தில் அதைப் போட்டு, இரண்டு கரண்டி சூடான சூப்பை ஊற்றிக் கட்டியில்லாமல் அடித்து, பிறகு சட்டியில் கலந்தேன். அதன் பிறகு கொதிக்கவிடவில்லை. மிளகைப் புதிதாக இடித்துப் போட்டேன். எலுமிச்சையைச் சட்டியில் பிழியவில்லை, கிண்ணத்துக்கு இரண்டே சொட்டு. மிச்சப் பாலாடையை மேலே கோடாக விட்டு, வறுத்த பரங்கி விதை தூவி, நட்சத்திரத்தைக் கடைசியில், எல்லாரும் உட்கார்ந்த பிறகு வைக்கச் சொல்லியிருந்தேன். முன்னாடியே வைத்தால் ஊறிவிடும்.

மகள் ஒவ்வொரு கிண்ணமாக மூன்று மூன்று வைத்துக்கொண்டு வந்தாள். அத்தை கிண்ணத்தைத் தாண்டிப் போனாள். கடிக்க முடியாதவருக்கு ரொட்டி வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

"ஏண்டி, அப்பத்தாவுக்கு நட்சத்திரம் இல்லையா?"

"அப்பத்தா, அது கறுக்குமுறுக்குன்னு இருக்கும். ஈறுல குத்தும்."

"வை. நான் அவசரப்படலை."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அத்தை மூன்று நட்சத்திரத்தையும் கரண்டியால் ஒவ்வொன்றாகச் சூப்புக்குள் அமுக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பேரன் டான்பௌவில் கோழிக்காலைத் தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாரும் சூப்பை முடித்துச் சோற்றுக்கு வந்த பிறகும் அவர் காத்திருந்தார். பிறகு ஒரு நட்சத்திரத்தைக் கரண்டியில் ஏந்தினார். ஐந்து மூக்கும் அப்படியே இருந்தன, ஆனால் ஓரத்தை லேசாகத் தொட்டதும் இளகிச் சாய்ந்தது. வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நெய் வாசனை இப்பத்தான் சூப்புல இறங்கியிருக்கு. அடுத்த வருசம் செட்டு இருந்தாலும் எனக்கு ஊறவச்சே குடும்மா" என்றார்.

டின்னில் மீதி ஒரே ஒரு நட்சத்திரம் இருந்தது. அதையும் அவர் கிண்ணத்தில் போட்டேன்.