கொழும்பின் மாதங்களும் திருகோணமலையின் மழையும்

அரச அலுவலகத்தில் தரவுப் பகுப்பாய்வு என்ற பேச்சு எழுந்தால் முதலில் மென்பொருளின் பெயர்தான் வரும். பவர் பிஐ வாங்குவதா, எக்செல் போதுமா, உரிமக் கட்டணத்தை எந்தச் செலவினத் தலைப்பில் போடுவது என்று பேசிப் பேசியே கூட்டம் முடிந்துவிடும். திருகோணமலையில் திட்டமிடல் வேலையில் இருக்கும் எனக்கு அது இரண்டாம் பட்சக் கேள்வி. எங்கள் மேசைக்கு வந்து சேரும் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டம் என்பதால் பட்டியல்கள் இரண்டு மொழிகளில் வரும், சில வேளை மூன்றிலும் வரும். தம்பலகாமம் ஒரு தாளில் தம்பலகமுவ ஆகியிருக்கும். வெருகல் இன்னொரு தாளில் ஈச்சிலம்பற்று என்று நிற்கும். நமக்கு இரண்டு இடம், கணினிக்கு நான்கு. ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பிரிவுக் குறியீட்டைப் பிடித்துக்கொள்வதுதான் ஒரே வழி.

அதைவிடப் பெரிய தொல்லை பாமினி. அந்த எழுத்துரு ஒரு காலத்தில் இலங்கையின் தமிழ் அலுவலகங்களை வாழவைத்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது ஒருங்குறி (யுனிகோட்) அல்ல. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும்தான். எழுத்துருவை நிறுவாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்பதே ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி என்று பல்லிளிக்கும். அகர வரிசைப்படுத்தவும் முடியாது, தேடவும் முடியாது. சிங்களப் பட்டியல்களுக்கு எஃப்எம் அபய எழுத்துருவால் இதே கதி. இப்போது பெரும்பாலும் ஒருங்குறியில் வருகிறது என்றாலும், பழைய பட்டியலை நகலெடுத்து அதன் கீழே புதுப் பெயர்களைச் சேர்க்கும் பழக்கம் போகவில்லை. ஒரே நிரலில் மேல்பாதி பாமினி, கீழ்ப்பாதி ஒருங்குறி.

பெயர் கைவிடும்போது தேசிய அடையாள அட்டை இலக்கம் கைகொடுக்கும். 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்க எண். அதற்கு முந்திய அட்டையில் 9 இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருந்தன. ஒருவரே ஒரு பட்டியலில் பழைய எண்ணிலும் மற்றொன்றில் புதிய எண்ணிலும் இருப்பார். பழையதைப் புதியதாக்குவது கடினமல்ல: முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம், கடைசி எழுத்து நீக்கம். பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே ஆண் என்று பதிந்தவரின் நாள் 640 என்று வந்தால் பதிவில் எங்கோ கோளாறு. இந்தச் சின்னச் சூத்திரத்தை எழுதி ஓட்டியதும், ஒரே வகை வாழ்வாதார உதவிக்கு இரண்டு அலுவலகங்களின் பட்டியலிலும் இருந்த பெயர்கள் வரிசையாக வெளிவந்தன. இதில் களவு ஏதும் இல்லை. ஓர் அலுவலகம் மற்றதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இவையெல்லாம் துப்புரவு வேலை. நான் எழுத வந்தது மழையைப் பற்றி.

இலங்கையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு தயாரித்து, கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முடிய ஒகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. இந்தத் தாமதம் எல்லா மாவட்டத்துக்கும் பொது. ஆனால் கொழும்பு இருக்கும் தென்மேற்கில் உள்ளவர்களுக்கு மே, ஜூன் பெருமழை அதற்குள் கடந்திருக்கும். ஒக்டோபரில் நனைந்தாலும் டிசம்பரில் வேலையை ஒப்பேற்றிவிடலாம். எங்களுக்கோ அப்போதுதான் வானம் இருளத் தொடங்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டும். மகாவலி கடலில் சேரும் மூதூர், வெருகல் பக்கங்களில் வாகனமே போக முடியாத நாட்கள் உண்டு. அந்தச் சேற்றில் கிறவல் கொட்டி ரோலர் ஓட்டச் சொல்கிறது நிதியாண்டு.

முன்னேற்ற மீளாய்வுக் கூட்டங்களில் காட்டப்படும் தரவுப் பலகைக்கு இது தெரியாது. நிதி முன்னேற்றம் ஒரு நிரல், பௌதீக முன்னேற்றம் ஒரு நிரல், பச்சை, மஞ்சள், சிவப்பு. டிசம்பரில் எங்கள் நிரை பெரும்பாலும் சிவப்பு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் வருடாவருடம் மாறாதவை: உத்தியோகத்தர்களின் அசட்டை, ஒப்பந்தக்காரரின் வலுவின்மை, ஆளணிப் பற்றாக்குறை. ஆளணிப் பற்றாக்குறை உண்மைதான். மற்ற இரண்டையும் சோதித்துப் பார்க்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

முடிந்துபோன சில வருடங்களின் வீதி, வாய்க்கால் வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் ஒப்பந்தத் திகதியில் ஒரு புள்ளியாகக் குறித்தோம். அதன் அடியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைவீழ்ச்சியை நாள்வாரியாக வரைந்தோம். எக்செல்லிலேயே செய்ததுதான். ஜூனுக்கு முன் கையெழுத்தான வேலைகள் பெரும்பாலும் நேரத்தோடு முடிந்திருந்தன. செப்டம்பருக்குப் பின் கையெழுத்தானவை அடுத்த வருடத்துக்கு இழுபட்டிருந்தன. ஒப்பந்தக்காரர் வாரியாகப் பிரித்தோம், பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பிரித்தோம், தொகை வாரியாகவும் பிரித்துப் பார்த்தோம். படம் மாறவில்லை. நல்ல பெயரெடுத்த ஒப்பந்தக்காரரும் நவம்பரில் தோற்றார், மோசமானவர் என்று பேரெடுத்தவரும் மே மாதத்தில் வென்றார். நிதி முன்னேற்றக் கோடு மட்டும் டிசம்பர் கடைசி வாரத்தில் செங்குத்தாக ஏறியது. அது ஏன் என்பதைக் கணக்காய்வாளர்களிடம் விட்டுவிடுகிறேன்.

அந்த மழைக் கோட்டை ஒருமுறை வரைந்த பிறகு எதைப் பார்த்தாலும் அதன் அடியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். தேசிய வரைபில் உச்சம் ஜூலை மாதம். ஆனால் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா அல்லோலகல்லோலப்பட்டது அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில். நாட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆயத்தம் செய்பவர் எங்களிடம் வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். கரையோரத்தில் வீட்டுக்கு வீடு கிணறும் தொட்டியும் இருக்கின்றன. மழை விட்டாலும் நீர் வற்றுவதில்லை, குடம்பிகளுக்குக் குறைவில்லை.

டெங்குத் தரவில் ஒரு நல்ல ஒழுங்கு இருப்பதையும் சொல்ல வேண்டும். நோயாளி எந்த வைத்தியசாலையில் படுத்திருந்தாலும், அறிவித்தல் அவர் வசிக்கும் இடத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வாரந்தோறும் கணக்கு தொற்றுநோயியல் பிரிவுக்குச் சேர்கிறது. எங்கே எண்ணுவது, யாரை எண்ணுவது, யார் போய்ச் சரிபார்ப்பது என்ற மூன்றும் தீர்மானமான முறை அது. அரச துறையில் இந்த மூன்றும் தீர்மானமான தரவு அரிது. விலை கூடிய எந்த மென்பொருளும் அந்த இடைவெளியை நிரப்பாது.

வருமானத் தரவு அதற்கு நேரெதிர். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள். தகுதியைப் புள்ளியால் தீர்மானிப்பதை நான் எதிர்க்கவில்லை. செல்வாக்கால் பட்டியலில் பெயர் ஏறிய காலத்தைவிட இது மேல். ஆனால் கடற்றொழில் செய்யும் வீட்டில் ஜூலையில் போய் வருமானம் கேட்டால் ஒரு பதில் வரும், கடல் கொந்தளிக்கும் டிசம்பரில் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் பொய்யல்ல. வயல் வீட்டில் பெரும்போக (மாரிகால நெல்) அறுவடை முடிந்த கையோடு கேட்பதும் விதைத்துவிட்டுக் கடனோடு இருக்கும்போது கேட்பதும் அப்படியே. கேட்ட மாதத்தைப் பதியாத படிவத்தில் அந்தப் பதிலை எப்படிப் படிப்பது?

இதைப் பற்றி வயதில் மூத்த கிராம உத்தியோகத்தர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வேறு ஒன்றைக் கேட்டார். “மகள், நாங்கள் மாதாமாதம் அனுப்புகிறோம். எங்களுக்கு என்ன திரும்பி வருகிறது?” ஒன்றும் வருவதில்லை என்பதே உண்மை. எண்கள் கிராமத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு), பிறகு அமைச்சுக்கு என்று ஒரே திசையில் போகின்றன. அனுப்புகிறவருக்குத் தன் எண் சரியா பிழையா என்று ஒருநாளும் தெரிவதில்லை. ஆகவே போன மாதத்து எண்ணில் சிறிது கூட்டிக் குறைத்து அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கத் தாள் அச்சிட்டுத் திருப்பி அனுப்பத் தொடங்கினோம். அந்தப் பிரிவின் குடும்பங்கள், பாதி முடிந்த வேலைகள், பக்கத்துப் பிரிவுகளின் எண்கள், எல்லாம் தொகையாக மட்டும். தனிநபர் விபரம் வாட்ஸ்அப் குழுக்களில் உலாவுவது எனக்குப் பிடிக்காது, 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அது ஒவ்வாது. முதல் தாள்கள் சிவப்பு மையால் கிறுக்கப்பட்டுத் திரும்பி வந்தன. மத்திய கிழக்குக்குப் போய்ப் பூட்டிக்கிடக்கும் வீடுகள், சுனாமிக்குப் பிறகு வேறு பிரிவில் வீடு கிடைத்தும் பழைய பிரிவிலும் எண்ணப்பட்டுக்கொண்டிருந்த குடும்பங்கள், என்றைக்கோ முடிந்துவிட்டும் ‘நடைபெறுகிறது’ என்றே இருந்த மதகு. எந்த மென்பொருளும் இவற்றைக் கண்டுபிடித்திருக்காது. தாள் பிந்தினால் இப்போது அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

மழைக் கோட்டுப் படத்தை ஒரு கடிதத்தோடு மேலே அனுப்பினோம். மதிப்பீடுகளை முந்திய வருட இறுதியிலேயே தயாரித்து, ஒதுக்கீடு வந்தவுடன் கேள்விப்பத்திரம் கோர அனுமதி கேட்டிருந்தோம். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. சில வீதி வேலைகள் இவ்வருடம் மே மாதத்திலேயே தொடங்கின, மற்றவை வழக்கம்போல் செப்டம்பரில். இரண்டு வகையையும் வெவ்வேறு நிறத்தில் குறித்துக்கொண்டு வருகிறேன். ஜனவரிக் கூட்டத்தில் கேட்பார்கள்.