57இல் தொடங்கும் பார்கோடு

மதத்தை அவமதித்துவிட்டார்கள் என்று ஒரு நாட்டின் மேல் கோபம் கிளம்பினால், கைபேசிகளில் முதலில் சுற்றுவது பார்கோடு பட்டியல்தான். 57இல் தொடங்கினால் டென்மார்க், 30 முதல் 37 வரை பிரான்ஸ், 890 இந்தியா, பார்த்து ஒதுக்குங்கள் என்று இருக்கும். எண்களில் தப்பில்லை, அவற்றுக்குச் சொல்லும் அர்த்தத்தில்தான் தப்பு. பொருளை விற்கும் நிறுவனம் எந்த நாட்டு ஜிஎஸ்1 அமைப்பில் (பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு) எண் வாங்கியது என்பதை மட்டுமே அவை காட்டும். பொருள் எங்கே தயாரானது, லாபம் யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. இன்னொரு நாட்டில் தைத்த சட்டையில்கூட 30 இருக்கலாம்.

இப்படிப்பட்ட கோபம் அதிகம் படுத்தியது ஆர்லா என்ற பால்பொருள் நிறுவனத்தை. டென்மார்க்கின் ஜில்லன்ட்ஸ்-போஸ்டன் நாளிதழ் நபியைப் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது 2005 செப்டம்பர் 30 அன்று. கடைகளில் உடனே எதுவும் நடக்கவில்லை. கிட்டத்தட்ட நான்கு மாதம் கழித்து, 2006 ஜனவரி இறுதியில் சவூதி அரேபியா தன் தூதரைத் திரும்ப அழைத்த சமயத்தில்தான் புறக்கணிப்பு சூடு பிடித்தது. சில நாட்களிலேயே ஆர்லாவின் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வளைகுடாக் கடைகளிலிருந்து காணாமல் போயின. நாளொன்றுக்குச் சுமார் 1 கோடி குரோனர் நஷ்டம் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. அது டென்மார்க், ஸ்வீடன் இரண்டு நாட்டு விவசாயிகளும் உறுப்பினராக உள்ள கூட்டுறவு. கேலிச்சித்திரத்துக்கும் ஸ்வீடனில் மாடு கறப்பவருக்கும் என்ன சம்பந்தம்? ரியாத்தில் இருந்த அதன் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது, அதாவது சவூதி மண்ணில் நடந்த வேலையே நின்றது.

வெண்ணெய் ஏன் இப்படி மாட்டிக்கொண்டது? பக்கத்து அடுக்கிலேயே வேறு வெண்ணெய் இருக்கிறது. கையை அரை அடி நகர்த்தினால் போதும், வாங்குபவருக்கு ஒரு காசு இழப்பில்லை. நாலு பேர் பார்க்கச் செய்யலாம், விளைவும் அன்றைக்கே தெரியும். மருந்து, இயந்திர உதிரிபாகம், விமானம் போன்றவற்றுக்கு இந்த வசதி இல்லை. மாற்றாக இன்னொன்று கிடைக்காத பொருளைப் புறக்கணிக்கச் சொன்னால் அழைப்பு அறிக்கையோடு நின்றுவிடும்.

இன்னொரு கேள்வி, பொருளை அடுக்கிலிருந்து எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது. 2006இல் டென்மார்க், 2020இல் பிரான்ஸ், 2022இல் இந்தியா என்று மூன்று புறக்கணிப்பிலும் குவைத் பெயர் அடிபட்டதற்குக் காரணம் அங்குள்ள கூட்டுறவுக் கடைகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கூட்டுறவு, அப்பகுதிவாசிகளே பங்குதாரர்கள், அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு. அந்தக் குழு ஒரு மாலையில் கூடி முடிவெடுத்தால் மறுநாள் காலை அடுக்கு காலி. பன்னாட்டுச் சங்கிலிக் கடையில் இதே முடிவு எத்தனையோ மேஜைகளைத் தாண்ட வேண்டும். அதனால் கூட்டுறவுக் கடை ஒரு பொருளை எடுத்தது என்ற செய்தியை நாடே தடை விதித்ததாகப் படிக்கக் கூடாது. தலைப்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

முதல் நஷ்டம் விழும் இடமும் வேறு. அடுக்கில் இருப்பது ஏற்கெனவே வாங்கிய சரக்கு, அதன் சொந்தக்காரர் உள்ளூர் இறக்குமதியாளரோ கடைக்காரரோதான். எல்.சி. (இறக்குமதியாளரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதம்) மூலம் வந்த சரக்கு என்றால் ஆவணங்கள் சரியாக இருக்கும் வரை வங்கி ஏற்றுமதியாளருக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். கடையில் யாரும் தொடவில்லை என்பது வங்கிக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. ஏற்றுமதியாளரின் தலைவலி கடலில் இருக்கும் கன்டெய்னர். குளிரூட்டிய பெட்டி துறைமுகத்தில் நின்றால் தாமதக் கட்டணம், மின்சாரக் கட்டணம் இரண்டும் ஏறும், காலாவதித் தேதியோ யாருக்காகவும் நிற்காது. விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டிருந்தால் அடுக்கிலிருந்த சரக்கின் சுமையும் ஏற்றுமதியாளர் தலையில்தான்.

ஒப்பந்தத்தில் உள்ள ‘தவிர்க்க முடியாத நிகழ்வு’ விதி காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். போர், வெள்ளம், அரசுத் தடை என்றுதான் அந்த விதி பொதுவாக எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் மனம் மாறியது அதில் வராது. ஏற்றுமதிக் கடன் காப்பீடும் வாங்கியவர் பணம் தராவிட்டால்தான் ஈடு தரும், ஆர்டரே வராமல் போனதற்குத் தராது. இறக்குமதியாளரோடு ஒப்பந்தம் போடும்போதே, புறக்கணிப்பு வந்தால் வழியிலுள்ள சரக்கு யார் பொறுப்பு, வேறு துறைமுகத்துக்குத் திருப்பினால் செலவு யாருடையது என்று இரண்டு வரி சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கசப்பான பேச்சுதான், ஆனால் உறவு நன்றாக இருக்கும்போது பேசினால்தான் முடியும்.

அடுத்து அறிக்கை. இதில் சறுக்காதவர்கள் குறைவு. 2006 மார்ச்சில் ஆர்லா அரபு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, கேலிச்சித்திரங்களுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றது. அங்கே கதவு கொஞ்சம் திறந்தது, அடுத்த மாதம் பொருட்கள் கடைகளுக்குத் திரும்பத் தொடங்கின. டென்மார்க்கிலோ கருத்துச் சுதந்திரத்தை விற்றுவிட்டதாகத் திட்டு விழுந்தது. ஓரிடத்துக்கு எழுதும் வரியை இன்னோரிடத்திலும் படிப்பார்கள் என்பதை மறந்தால் இதுதான் நடக்கும். 2008 பிப்ரவரியில் டேனிஷ் நாளிதழ்கள் ஒரு சித்திரத்தை மறுபடி அச்சிட்டபோது புறக்கணிப்புக் குரலும் மறுபடி எழுந்தது. நாளிதழ் என்ன அச்சிடும் என்பது வெண்ணெய் நிறுவனத்தின் கையில் இல்லையே.

தன் பொருளிலேயே தவறு என்றால் கதை வேறு, அதைத் திருத்த முடியும். 1997இல் நைக்கி காலணியில் இருந்த எழுத்து வடிவம் அரபியில் ‘அல்லாஹ்’ என்பது போல இருக்கிறது என்று எதிர்ப்பு வந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு 38,000 ஜோடிகளைத் திரும்பப் பெற்றது. 2024இல் மலேசியாவின் கேகே மார்ட் கடையில் அதே சொல் அச்சிட்ட காலுறைகள் விற்பனைக்கு இருந்தது தெரியவந்து புறக்கணிப்பு அழைப்பு எழுந்தது. சில கிளைகள் மீது பெட்ரோல் குண்டும் வீசினார்கள். கடைசியில் நீதிமன்றம் கடை நிறுவனத்துக்கும் காலுறை சப்ளை செய்த நிறுவனத்துக்கும் தலா 60,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. சப்ளையர் கொண்டுவந்து வைக்கும் சில்லறைச் சரக்கையும் கடைக்காரர் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்கு இந்த வழக்கு போதும்.

அரசுகள் ஏன் புறக்கணிப்பைத் தாங்களே அறிவிப்பதில்லை? இறக்குமதியைத் தடுப்பது, உலக வர்த்தக விதிகளைச் சொல்லும் காட் ஒப்பந்தத்தின் 11ஆவது பிரிவில் இடிக்கும். சவூதி உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2005 டிசம்பரில்தான். அடுத்த மாதமே, அரசு இதன் பின்னால் இருந்தால் வழக்கு வரும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் வர்த்தக ஆணையர் பீட்டர் மேண்டல்சன் எச்சரித்தார். மக்கள் தாங்களாக வாங்காமல் விட்டால் எந்த விதியும் பேசாது. அதனால் கண்டனம் அரசுடையது, புறக்கணிப்பு மக்களுடையது என்று வேலையைப் பிரித்துக்கொள்வது எல்லாருக்கும் சௌகரியம்.

நபி கேலிச்சித்திரங்களை வெளியிடும் உரிமையைப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஆதரித்துப் பேசியதும், துருக்கி அதிபர் எர்துவான் 2020 அக்டோபரில் பிரெஞ்சுப் பொருட்களை வாங்காதீர்கள் என்று மேடையில் நின்று சொன்னார். பர்சாவில் கார் தயாரிக்கும் ரெனோ கூட்டு நிறுவனத்தில் 49 சதவீதம் துருக்கி ராணுவத்தினரின் ஓய்வூதிய நிதியுடையது. அந்தக் காரை யார் ஒதுக்குவது?

இந்தியாவின் முறை 2022இல் வந்தது. மே 26 அன்று ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் தொலைக்காட்சியில் நபியைப் பற்றிப் பேசியது ஜூன் முதல் வாரத்தில் வெடித்தது. குவைத்தின் கூட்டுறவுக் கடை ஒன்றில் இந்திய அரிசி மூட்டைகளையும் மசாலாக்களையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்ட வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது அதே மே 1 அன்று. அது அந்தப் பேச்சையும் தடுக்கவில்லை, அமீரகத்தின் கண்டனத்தையும் தடுக்கவில்லை. வளைகுடா நாடுகளோடு இந்தியாவின் வர்த்தகம் 2021–22இல் சுமார் 15,400 கோடி டாலர் என்று எல்லாரும் எழுதினார்கள். அதில் ஏற்றுமதி சுமார் 4,400 கோடிதான், மீதி பெரும்பாலும் எண்ணெயும் எரிவாயுவுமாக நாம் வாங்குவது. அந்த ஏற்றுமதியிலும் மளிகை அடுக்குக்குப் போவது ஒரு பகுதியே. செய்தித் தொடர்பாளரைக் கட்சி ஜூன் 5 அன்று இடைநீக்கம் செய்தது. இந்தியத் தூதரை முதலில் அழைத்துக் கண்டித்த நாடுகளில் கத்தாரும் ஒன்று. 2024 பிப்ரவரியில் அதே கத்தாரோடு, ஆண்டுக்கு 75 லட்சம் டன் எரிவாயு வாங்கும் ஒப்பந்தத்தை இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தது.