பாட்டில் மூடியும் க்ளூ கன்னும்

எச்4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்குத் தரும் விசாவில், அமெரிக்கா வந்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். படிப்பு இருக்கும், வேலை பார்க்க அனுமதி இருக்காது, வீட்டுக்காரர் காலையில் கிளம்பிப் போனால் பகல் முழுக்க அபார்ட்மென்டே கதி. அப்படி இருந்த காலத்தில்தான் கலிபோர்னியாவில் ஓக்லாந்து பக்கம் ஒரு சின்ன மறுபயன்பாட்டு மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். வீடுகளும் அலுவலகங்களும் கழித்துவிடுகிற துணி, நூல், பட்டன், காகிதம், மரத்துண்டு, படச்சட்டம் எல்லாவற்றையும் இலவசமாக வாங்கிப் பிரித்து, ஆசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் லாப நோக்கமில்லாத அமைப்பு. வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கைவினை வகுப்பும் உண்டு. 2015இல் எச்4காரர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி தரும் விதி வந்தது, எனக்கும் கிடைத்தது, அப்புறம் அங்கேயே பகுதி நேரச் சம்பள வேலை.

கலை, சுற்றுச்சூழல் என்றெல்லாம் எங்கள் துண்டறிக்கையில் இருக்கும். நாள் முழுக்க நடப்பது என்னவோ பிரிக்கிற வேலைதான். பெட்டி பெட்டியாக வரும் மார்க்கர்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, காய்ந்ததைத் தனியாகப் போட வேண்டும். துணியை மூக்கருகே வைத்து முகர வேண்டும், பூஞ்சை வாடையோ சிகரெட் வாடையோ அடித்தால் எவ்வளவு அழகான துணியாக இருந்தாலும் உள்ளே போகாது. கம்பளி நூலில் அந்துப்பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பையில் கட்டி ஃப்ரீசரில் வைப்போம்.

நம் ஊரில் பழைய பேப்பரை எடைக்குப் போட்டால் கையில் காசு வரும், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த தெருவில்தான் நான் வளர்ந்தேன். இங்கே பெட்ரோல் செலவழித்து வந்து, வரிசையில் நின்று, தங்கள் சாமானை ஏற்றுக்கொள்ளும்படி நம்மைக் கெஞ்சுகிறார்கள். குப்பையில் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த உறுத்தலை நம் மேஜையில் இறக்கிவைத்துவிட்டுப் போனால் அவர்களுக்கு நிம்மதி. அதனால் இந்த வேலையில் கஷ்டமான பகுதி, 'வேண்டாம்' என்று சொல்வது. அதிலும் இறந்துபோன அம்மாவின் தையல் அறையை அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு வருகிற மகள்களிடம் சொல்வது. பாதி முடிந்த குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை), வண்ணவாரியாக அடுக்கிய நூல்கண்டு, மெல்லிய காகிதத்தில் வெட்டிய பழைய தையல் பேட்டர்ன்கள். என்னோடு கவுண்டரில் நிற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இதில் கெட்டிக்காரி. முதலில் பெட்டியைத் திறக்கவே மாட்டார், "அம்மா என்னென்ன தைப்பார்கள், சொல்லுங்கள்" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார். கதை முடிந்த பிறகு பாதிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

எதை வேண்டாம் என்பது, எதை எடுத்துக்கொள்வது? அழகு ஒரு அளவுகோலே இல்லை. ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஒரே மாதிரி இருபத்தெட்டு வேண்டும், வகுப்பில் அத்தனை பிள்ளைகள். வேலைப்பாடு மிகுந்த ஒற்றைப் பெட்டி மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கும், முந்நூறு பாட்டில் மூடிகள் ஒரு வாரம் தாங்காது. இன்டீரியர் டிசைன் அலுவலகங்கள் பழசாகிப்போன டைல்ஸ், வால்பேப்பர், தோல் மாதிரிகளைக் கட்டுக் கட்டாகத் தள்ளிவிடும்போது எங்களுக்கு அன்று தீபாவளி. ஒரு காலத்தில் ஃபிலிம் சுருள் வரும் குட்டி டப்பாக்களுக்கு ஆசிரியர்களிடம் நல்ல கிராக்கி என்பார்கள், டிஜிட்டல் கேமரா வந்து அதை முடித்துவைத்தது.

ஆசிரியர்களைச் சொல்லாமல் இந்த மையங்களின் கதையைச் சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் ரூத் அசாவா என்ற சிற்பி, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே முகாமில் அடைக்கப்பட்டவர், 1968இல் தன் பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளியில் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து கலைப் பட்டறை தொடங்கினார். பால் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, மாவும் உப்பும் தண்ணீரும் பிசைந்த களிமண், இவைதான் பொருட்கள். 1976இல் அதே நகரத்தில் 'ஸ்க்ராப்' என்ற மையம் பிறந்தது. 1978இல் நியூயார்க் நகரக் கலாசாரத் துறை 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' தொடங்கியது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்த 13ஆம் தீர்மானம் நிறைவேறி, பள்ளிகளின் வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. இன்றைக்கும் எங்களிடம் வருகிற ஆசிரியர்கள் பலர் சொந்தப் பணத்தில்தான் வாங்குகிறார்கள்.

நன்கொடை கேட்டு விண்ணப்பம் எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் வரும். குப்பைமேட்டுக்குப் போகாமல் எத்தனை டன் காப்பாற்றினீர்கள் என்று கேட்பார்கள். வாசலில் எடை போட்டு எழுதிவிடலாம், பெரிய எண்ணாக வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் கொல்லைப்புறத்திலும் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, அதற்கு மாதாமாதம் பில் வருகிறது. உள்ளே வந்து யாரும் எடுக்காமல் கடைசியில் அந்தத் தொட்டிக்குப் போன சாமானை நாங்கள் காப்பாற்றவில்லை, கொஞ்ச நாள் வாடகையில்லாமல் தங்க வைத்தோம், அவ்வளவே. அமெரிக்காவில் 2018இல் மட்டும் 1 கோடியே 13 லட்சம் டன் துணி நிலத்தில் புதைக்கப்பட்டது என்கிறது அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எங்களை மாதிரி ஒரு கடை அதில் எந்த மூலைக்கு? கதவைத் தாண்டி யாருடைய கையிலோ போன எடையைத்தான் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்று, நிர்வாகக் குழுவும் சரி என்றது. எண் சுருங்கித்தான் போனது. நன்கொடை கொடுப்பவர்கள் யாரும் அதற்காக ஓடிவிடவில்லை.

வகுப்பு விஷயத்தில் சண்டை இன்னும் ஓயவில்லை. அட்டையையும் பிளாஸ்டிக் மூடியையும் தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டுக்கும் ஏதோ ஒரு வழி உண்டு. இரண்டையும் சூடான பசையைப் பிழியும் க்ளூ கன்னால் ஒட்டி மேலே ஜிகினாத் தூள் தூவி ஒரு ரோபோ செய்துவிட்டால், அதை எந்த மறுசுழற்சிக் கூடமும் தொடாது. வீட்டில் ஒரு வாரம் அலமாரியில் இருக்கும், பிறகு நேராகக் குப்பைக்குத்தான். குழந்தை சந்தோஷமாகச் செய்ததே, அது போதாதா என்று கேட்கும் சக ஊழியர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுசாகப் பதில் கிடையாது. இப்போதைக்கு ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறோம்: பெரிய பிள்ளைகளின் வகுப்பில் ஒட்டக் கூடாது, கட்டலாம், தைக்கலாம், வெட்டிச் செருகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் க்ளூ கன் உண்டு, பிடித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஜிகினாத் தூளை யாருக்கும் தெரியாமல் மேல் அலமாரியில் ஏற்றிவைத்தது நான்தான், அதை இறக்கும் யோசனை எனக்கு இல்லை.