பேர் எழுதுற இடத்துலயே பாதி முடிஞ்சிடுது

எங்க தொழில் சங்கத்துல அடுத்த நிர்வாகிகளுக்கு பேர் பரிந்துரை பண்ற நாமினேஷன் கமிட்டியில மெம்பரா இருக்கேன். அங்க என்ன பெரிய வேலை, வர்ற விண்ணப்பத்துல நல்லதா பாத்து எடுத்துக் கொடுக்குறதுதானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. வேலை அவ்வளவுதான்னா அதுக்கு ஒரு கமிட்டியே தேவையில்ல. வர்ற விண்ணப்பத்துல முக்கால்வாசி யாரோ ஒரு சீனியர் "நீ இந்த தடவை போடு"ன்னு தட்டிக் கொடுத்ததால வர்றது, அப்படி சொல்ல ஆள் இல்லாதவங்க எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் போடவே மாட்டாங்க.

முதல் மீட்டிங்ல யார் பேராவது தோணுதான்னு கேட்டா படபடன்னு பேர் வரும். எல்லாம் மாநாட்டு மேடையில அடிக்கடி பாக்குற முகம், பெரிய நிறுவனம், ஒரே வயசு, ஒருத்தருக்கு ஒருத்தர் நல்லா தெரிஞ்சவங்க. இதுல யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, தெரிஞ்ச பேருதான் ஞாபகத்துக்கு வரும், ஆனா அந்த லிஸ்ட்டோட நிறுத்திட்டா அடுத்த தடவையும் அதே லிஸ்ட்டுதான். அமெரிக்க மருத்துவர்கள் சங்கம் 1847ல ஆரம்பிச்சது, முதல் பெண் தலைவர் நான்சி டிக்கி பதவிக்கு வந்தது 1998ல. அமெரிக்க வக்கீல்கள் சங்கம் 1878ல ஆரம்பிச்சது, ராபர்ட்டா ராமோ தலைவரானது 1995ல. நடுவுல அத்தனை வருஷமும் தகுதியான பெண் டாக்டரோ வக்கீலோ ஒருத்தர்கூட இல்லைன்னு யாராவது சொன்னா நம்ப முடியுமா?

அதனால நாங்க எந்தப் பேரையும் பேசுறதுக்கு முன்னாடி, இந்தப் பதவிக்கு என்ன வேணும்னு எழுதி கையெழுத்து போட்டு வச்சுட்டோம். இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆதாரம் 2005ல எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வு. போலீஸ் சீஃப் வேலைக்கு ஒரு ஆண், ஒரு பெண், ஒருத்தருக்கு படிப்பு அதிகம், இன்னொருத்தருக்கு கள அனுபவம் அதிகம். ஆண்கிட்ட எது இருந்துச்சோ அதுதான் இந்த வேலைக்கு முக்கியம்னு தேர்வு பண்ணவங்க தன்னை அறியாமலே அளவுகோலை நகர்த்திக்கிட்டாங்க. எது முக்கியம்னு முன்னாடியே சொல்ல வச்சப்போ அந்தப் பாரபட்சம் காணாம போச்சு. எங்க தாள்லயும் தலைமைப் பண்புன்னு மொட்டையா எழுதல, பட்ஜெட் கையாண்டிருக்காரா, ஒரு தகராறைத் தீர்த்து வச்சிருக்காரா, ஜூனியர்களை வளர்த்து விட்டிருக்காரா, இப்படித்தான் எழுதினோம். அப்புறம் ஒருத்தர் "அவர் கம்பீரமா பேசுவார்"னு சொன்னப்போ, அது இதுல எந்த வரியில வருதுன்னு கேக்க முடிஞ்சுது.

எனக்கு நெஞ்சுல நின்னது ஃபோன் பண்ற வேலைதான். வருஷக்கணக்கா சங்கத்தோட பயிற்சி வகுப்புகளை தனியாளா நடத்திட்டு வர்ற ஒருத்தங்களுக்கு கூப்பிட்டேன். "ஐயோ மேடம், நான் அந்த அளவுக்கெல்லாம் இல்ல, இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும்"னாங்க. நான் விடல, நீங்க பண்ணினது என்னென்னன்னு எங்க தாளை வச்சு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் மெதுவா நிஜமான கேள்வி வந்துச்சு: மீட்டிங் எத்தனை மணிக்கு, பயணச் செலவு யார் தருவாங்க, ஆஃபீஸ்ல லீவு தரலைன்னா என்ன பண்றது?

இந்த மூணு கேள்விக்கும் எங்ககிட்ட ஒழுங்கான பதில் இல்ல. நிர்வாகக் குழு சாயங்காலம் கூடும், குழந்தைகளையோ வயசானவங்களையோ பாத்துக்குறவங்களுக்கு அதுதான் இருக்குறதுலயே கஷ்டமான நேரம். டிக்கெட் கைக்காசுல போட்டுட்டு அப்புறமா வாங்கிக்கணும், பெரிய நிறுவனத்துல இருக்குறவருக்கு கம்பெனியே போட்டுடும், சின்ன இடத்துல வேலை பாக்குறவரும் சொந்தமா தொழில் பண்றவரும் என்ன பண்ணுவாங்க? காது கேக்காத மெம்பருக்கு ஆன்லைன் கூட்டத்துல பேசுறது திரையில எழுத்தா வர்ற வசதி உண்டான்னுகூட இதுவரைக்கும் யாரும் யோசிச்சதில்ல. இதையெல்லாம் அப்படியே வச்சுக்கிட்டு "நாங்க கூப்பிட்டோம், அவங்கதான் வரல"ன்னு சொல்றது எனக்கு நியாயமா படல.

இன்னொண்ணு, பேருக்கு ஒருத்தரை லிஸ்ட்ல சேர்த்துட்டு கடமை முடிஞ்சதுன்னு நினைக்குறது. அமெரிக்காவோட NFL ஃபுட்பால் லீக்ல 2003ல ரூனி ரூல்னு கொண்டு வந்தாங்க, தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு சிறுபான்மையினர் ஒருத்தரையாவது இன்டர்வியூ பண்ணியே ஆகணும்னு. சும்மா கணக்குக்கு கூப்பிட்டு அனுப்புறாங்கன்னு குறை கிளம்பி, 2020ல அந்த அணிக்கு வெளியில இருந்து சிறுபான்மையினர் ரெண்டு பேராவது வேணும்னு மாத்தினாங்க. 2016ல வந்த ஒரு ஆய்வும் இதைத்தான் சொல்லுது, கடைசிச் சுற்றுல ஒரே ஒரு பெண் இருந்தா அவங்க தேர்வாகுற வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், ரெண்டு பேர் ஆனதும் நிலைமை தலைகீழா மாறுது. ஒத்தையா இருக்குற ஆளை எல்லாரும் வித்தியாசமாத்தான் பாக்குறாங்க.

"தகுதி முக்கியமா, பலதரப்பட்ட ஆளுங்க வர்றது முக்கியமா"ன்னு கமிட்டியில ஒரு பெரியவர் கேட்டார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு, அதனால நேரடியாவே சொன்னேன், சார், பத்து பேர் கதவைத் தட்டி அதுல சிறந்தவரை எடுக்குறதைவிட நூறு பேரைத் தேடிப் போய் எடுத்தா தகுதி கூடத்தானே செய்யும்? அவர் ஒத்துக்கிட்டாரான்னு தெரியல, ஆனா அடுத்த மீட்டிங்குக்கு எங்க யாருக்குமே தெரியாத ரெண்டு பேரை விசாரிச்சு பயோடேட்டாவோட வந்தார்.

தலைவர் பதவியை மட்டும் பாத்தா பத்தாதுன்னும் புரிஞ்சுது. தலைவர் துணைத் தலைவர்கள்ல இருந்து வர்றார், துணைத் தலைவர் கிளைக் குழுத் தலைவர்கள்ல இருந்து, அந்தக் குழுத் தலைவர்களை நியமிக்கிறது இப்ப இருக்குற தலைவர். கீழ்ப்படியில ஆள் மாறலைன்னா மேல நாங்க என்ன குட்டிக்கரணம் அடிச்சாலும் ஒண்ணும் நடக்காது.

நான் கூப்பிட்ட அவங்க இந்த தடவை வேணாம்னுட்டாங்க, அடுத்த தடவை கண்டிப்பா கேளுங்கன்னு சொல்லியிருக்காங்க. முன்னெல்லாம் இப்படி சொன்னவங்க பேர் அந்தக் கமிட்டி கலையுறப்போ அதோடயே போயிடும். இப்ப அவங்க சம்மதத்தோட ஒரு ஃபைல் போட்டு, யார், எப்ப கூப்பிடணும், எது சரியானா வருவாங்கன்னு எழுதி அடுத்த கமிட்டிக்கு கொடுக்குறோம். பயணச் செலவை முன்கூட்டியே கொடுக்க நிர்வாகக் குழு ஒத்துக்கிச்சு. மீட்டிங் நேரத்தை மாத்துற கோரிக்கை இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு, அடுத்த கூட்டத்துல திரும்பவும் எழுப்பப் போறேன்.