கடலை நாள் பிரித்த ஊர்

பாம்பன் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தை கேட்டுவிட்டார், "ஏத்தா, கேசு எத்தன வருசம் இழுத்துச்சு?"

என் விவாகரத்துக்குக் கேசே நடக்கவில்லை என்றேன்.

"அப்ப யாரு தீர்ப்புச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றதும் அத்தைக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்து இரண்டு வழிதான். ஊர்ப் பெரியவர்கள் கூடி அத்துவிட வேண்டும், இல்லையென்றால் ராமநாதபுரம் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும்.

மெல்போர்னுக்குப் போனபோது எனக்கும் அவ்வளவுதான் தெரியும். முதல் இரண்டு வருடம் அந்த ஊரைப் பழகுவதிலேயே போனது. ஜூலை மாதக் குளிர், வாடகை வீடு பார்க்க வரிசை, முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று முடிவான பிறகும் தனி வீடு எடுக்க இருவரிடமும் பணமில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை. அங்கே 1975-ம் வருடச் சட்டப்படி 12 மாதம் பிரிந்திருந்தால் விவாகரத்து கேட்கலாம். ஒரே கூரைக்குள் பிரிந்திருந்ததும் கணக்கில் சேரும், அதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய ஏமாற்றம். சொல்வதற்கு அவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன்.

பிள்ளை விஷயத்தில் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றார் வக்கீல். முதலில் சமரசப் பேச்சுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் அதற்கான சான்றிதழோடுதான் வழக்கு. வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் இதிலிருந்து விலக்கு உண்டு. அது நியாயம்தான். கணவனைக் கண்டாலே நடுங்குகிறவளை அவனுக்கு எதிரே உட்காரவைத்து 'பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்பதற்குப் பெயர் சமரசம் இல்லை. எங்கள் வீட்டில் அடி இல்லை. பேச்சு நின்றிருந்தது.

இன்னொரு முறையும் இருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு வக்கீலை வைத்துக்கொண்டு, நான்கு பேருமாக உட்கார்ந்து பேசுவது. பேச்சு முறிந்து வழக்கு என்று போனால் அந்த இரண்டு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்று முதலிலேயே கையெழுத்துப் போடுவார்கள். 1990-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வக்கீல் ஆரம்பித்து வைத்தது. சண்டையை வளர்த்தால் வக்கீலுக்கு லாபமில்லை என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு வக்கீல் ஃபீஸ் எங்களுக்குக் கட்டாது.

அதனால் சமரசப் பேச்சுக்கே போனோம். முதல் நாள் எங்களைத் தனித்தனி அறையில் வைத்தார்கள். நடுவராக வந்த அம்மா அங்கும் இங்கும் நடந்தார். நான் அவரை ஊர்த் தலைவர் மாதிரி நினைத்து முழுப் புகாரையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செவ்வாய்க்கிழமை காலையில் பையனுக்கு யார் சாப்பாடு கட்டிக் கொடுப்பார்கள்?" என்றார். எரிச்சலாக வந்தது. அங்கே பேசியதைப் பிறகு கோர்ட்டில் ஆதாரமாகக் காட்ட முடியாது என்பதும் அன்றுதான் உறைத்தது. அப்புறம் யாருக்காக இவ்வளவு கத்தினேன்?

மூன்றாவது சந்திப்பில் ஒரே மேசை. சீராக வந்த நகை பட்டியலில் வந்தது. "இது பரிசா, கடனா?" என்று அந்த அம்மா கேட்டார். நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். சீர் என்றால் என்னவென்று விளக்கவே கால் மணி நேரம் போனது. அதற்குப் பிறகு நகைக்காகச் சண்டை வரவில்லை.

சிக்கிக்கொண்டது பாம்பன்தான். வருடா வருடம் பையனை ஊருக்குக் கூட்டிப்போவேன் என்றேன், முடியாது என்றார். என்னைப் பழிவாங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். குழந்தையை ஒரு நாட்டிலிருந்து கொண்டுபோய் வைத்துக்கொண்டால் திருப்பி அனுப்பச் சொல்லும் 1980-ம் வருட ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. "நீ திரும்பி வரலைன்னா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்றபோது அவர் குரல் உடைந்தது. கோர்ட் என்றால் விமான நிலையத்தில் பையனை நிறுத்தச் சொல்லி மனுப் போட்டிருப்பார். நான் அவரை வில்லன் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தப் பயம் கடைசி வரை எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அன்றிரவு அப்பாவுக்கு போன் போட்டு அழுதேன். அப்பா நாட்டுப்படகுக்காரர். ஒரு காலத்தில் எங்கள் கடலில் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் பெரிய அடிதடி. வலைகள் அறுந்தன, ஆட்கள் செத்தார்கள். அப்புறம்தான் திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று ஆனது. "மீறுறவன் இருக்கத்தான் செய்யிறான். ஆனா இன்னைக்கு யாரு நாளுன்னு சின்னப் பயலுக்கும் தெரியும்த்தா. நாளப் பிரிச்சு எழுது" என்றார்.

எழுதினோம். பள்ளி நாட்கள் என்னிடம், வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை அவரிடம். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் டிசம்பர் விடுமுறையில் ஐந்து வாரம் பாம்பன். திரும்பும் டிக்கெட்டை முன்கூட்டியே அவருக்கு அனுப்ப வேண்டும். இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளும் தாளைக் கோர்ட் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது. அதனால் ஒப்புதல் உத்தரவாகக் கோர்ட்டில் பதிந்தோம். விவாகரத்து விண்ணப்பத்தையும் இருவரும் சேர்ந்தே போட்டோம். அதற்கு இந்தப் பக்கத்துக் காரணம் ஒன்று உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி ஒருவர் மட்டும் வெளிநாட்டில் வாங்கும் விவாகரத்து இங்கே செல்லாது. இருவரும் மனமொத்து அந்தக் கோர்ட்டை ஏற்றிருந்தால் செல்லும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ராமநாதபுரத்து வக்கீல் போனிலேயே விளக்கினார்.

அத்தைக்கு இவ்வளவும் சொன்னேன். "நகை வந்துச்சா?" என்றார். வந்தது என்றேன். சரி என்று எழுந்து போனார்.

இன்று சனி, விசைப்படகு நாள். அப்பா வாசலில் வலைக்கண் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் போனைத் தூக்கிப் பிடித்து அவனுடைய அப்பாவுக்குக் கடலைக் காட்டுகிறான். அங்கே ஐந்தரை மணி நேரம் முன்னால், இருட்டப் போகிறது. "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டுடா, பாலம் தெரியலை" என்று அவர் சொல்வது கேட்கிறது.