சரிங்க

என் அலமாரியில் நான்கு மினிட்ஸ் புத்தகங்கள் இருக்கின்றன. கட்சி அலுவலகத்தைக் காலி செய்தபோது எடுத்துப் போக ஆளில்லாமல் என்னிடம் வந்தவை. 2008 முதல் 2015 வரை அவற்றில் இருப்பது என் கையெழுத்து. இடது பக்கம் மலையாளம், வலது பக்கம் தமிழ். போன வாரம் தூசி தட்ட எடுத்தவள் அப்படியே உட்கார்ந்து படித்துவிட்டேன். 'ஒருமனதாக' என்ற சொல்லை எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்தபோது மனசு கனத்தது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். சுற்றுச்சூழலுக்காகவே தொடங்கிய சின்னக் கட்சி. உறுப்பினர்கள் எல்லாரையும் இரண்டு ஜீப்பில் ஏற்றிவிடலாம் என்ற நிலையும் இருந்தது, இருநூறு பேர் வந்து நின்ற நாளும் இருந்தது. நான் முழுநேர ஊழியர். மாதம் 3,500 ரூபாய். கூட்டத்துக்கு ஆள் சொல்வது, இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று மாற்றிச் சொல்வது, மினிட்ஸ் எழுதுவது, பிறகு மனுக்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறுவது, இதுதான் வேலை.

கேரளம் என்றாலே பச்சைப்பசேல் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் வந்தால் திகைப்பார்கள். மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. கரிசல் மண், வரிசையாகப் பனை, ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய தென்னந்தோப்பு. வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையோர ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ். பஞ்சாயத்து நோட்டீஸ் மலையாளம். தமிழில் மனு எழுதி அரசுக்கு அனுப்ப 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் எங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் மனு எழுதும் உரிமை வேறு, ஒரு கூட்டத்தில் எழுந்து பேசும் தெம்பு வேறு.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பிளாச்சிமடைப் பந்தலில் இருந்து வந்தவர்கள். பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கும் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பானத் தொழிற்சாலை நிலத்தடி நீரை உறிஞ்ச, சுற்றியிருந்த பழங்குடிக் காலனிகளின் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது. 2002 ஏப்ரல் 22ஆம் தேதி எதிரே பந்தல் போட்டு எரவாளர், மலசர் குடிகள் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்ற மயிலம்மா பள்ளிக்கூடம் போகாதவர். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்துபோனார். அந்தப் பந்தலில் கட்சிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். நகரத்துத் தோழர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். "நாமே ஒரு கட்சியாக இருந்தால் என்ன?" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது.

கட்சியில் வாக்கெடுப்பு வேண்டாம் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். பெரும்பான்மையால் நசுக்கப்பட்டவர்கள் கூடி இன்னொரு பெரும்பான்மையை உண்டாக்கக் கூடாது என்பது காரணம். ஒரு யோசனை வந்தால் ஒப்புக்கொள்ளலாம். 'எனக்கு இதில் மனசில்லை, ஆனாலும் குறுக்கே நிற்கமாட்டேன்' என்று தள்ளி நிற்கலாம். 'இது நம் அடிப்படைக்கே ஆகாது' என்று தடுக்கலாம். ஒருவர் தடுத்தாலும் அன்றைக்கு அது நிற்கும். மூன்று கூட்டம் பேசியும் தீராவிட்டால் மட்டும் நான்கில் மூன்று பங்குப் பேர் சேர்ந்து முடிக்கலாம்.

மூத்த தோழர்கள் இதற்கு வெளிநாட்டு உதாரணம் காட்டுவார்கள். ஜெர்மனியில் 1980இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் தொடங்கிய பசுமைக் கட்சி, 1983இல் 28 பேரோடு நாடாளுமன்றத்துக்குள் போனபோது, பாதிக் காலம் முடிந்ததும் பதவியை அடுத்தவருக்கு விட வேண்டும் என்று தனக்கே விதி போட்டுக்கொண்டதைச் சொல்வார்கள். பின்னாளில் அவர்கள் அதைக் கைவிட்டதையும் மறைக்காமல் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் காலனி ஊர்க்கூட்டம்தான் மனசில் பட்டது. நான் பார்த்த கூட்டங்களில் யாரும் கை தூக்கச் சொல்லி எண்ணியதில்லை. பேச்சு ஓயும்வரை பேசினார்கள். பேச்சு ஓய்ந்த இடத்தில் ஊர்த் தலைவரான மூப்பன் ஒரு வார்த்தை சொல்வார். எழுந்து போவார்கள். எங்கள் கட்சி அந்த மாதிரி ஒன்றைத்தான் செய்கிறது என்று முழுசாக நம்பினேன்.

2010 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கேரளத்தில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கி நடந்த முதல் தேர்தல். ஒரு வார்டில் நாம் நிற்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. யாரை நிறுத்துவது என்பதில் யோசிக்கவே இல்லை. பந்தலில் முதல் நாளிலிருந்து உட்கார்ந்த ஓர் அக்கா இருந்தார். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பேசினால் சுருக்கென்று பேசுவார், போலீஸ் வேனில் மூன்று தடவை ஏறியவர்.

கூட்டம் பள்ளிக்கூடத் திண்ணையில், ராத்திரி ஏழு மணிக்கு. இருபது இருபத்தைந்து பேர். ஒவ்வொருவராக எழுந்து அக்கா நிற்பதுதான் சரி என்றார்கள். பாலக்காட்டிலிருந்து வந்த தோழர்கள் மலையாளத்தில் உருக்கமாகப் பேசினார்கள். கடைசியில் அவரைக் கேட்டார்கள். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரிங்க. நீங்க எல்லாரும் சொன்னா சரிதானுங்க" என்றார். நான் திரும்பி மலையாளத்தில் 'சம்மதம்' என்றேன். கைதட்டினார்கள். அன்றைய பக்கம் இப்போதும் என் முன்னால் இருக்கிறது: 'அனைவரும் ஒருமனதாக.'

மனுத் தாக்கலின் கடைசி நாளில் அவர் வரவில்லை. மூன்று மணி வரை பஞ்சாயத்து வாசலில் டெபாசிட் பணத்தோடு நின்றோம். போன் எடுக்கவில்லை. எதிர்த்தரப்பில் பணம் வாங்கிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தையைச் சொன்னவரை நான் தடுக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டு நாள் கழித்து ராத்திரி அவர் வீட்டுக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கண்ணு, நான் நிக்கறேன்னு எப்பச் சொன்னேன்? சரின்னுதானே சொன்னேன்."

எனக்கு வாயடைத்துவிட்டது. அவரே பேசினார். வீட்டுக்காரர் வேலை பார்ப்பது எதிர்த்தரப்பு ஆளின் தென்னந்தோப்பில். குடியிருக்கும் வீட்டுக்கும் பட்டா இல்லை. கிணறு கெட்டதிலிருந்து தெருவுக்குத் தண்ணி லாரி வருவது வார்டு மெம்பர் சொல்லித்தான். "நான் நின்னு தோத்தா அந்த லாரி எங்க தெருவுக்குள்ள திரும்புமா? ஜெயிச்சாலும் அஞ்சு வருசம் அவரு தோப்புல எங்க வீட்டுக்காரருக்கு வேலை கொடுப்பாரா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"எப்படிச் சொல்றது? நீங்க எல்லாம் எங்களுக்காக வெயில்ல உக்காந்தவங்க. இருபது பேரு இருந்த இடத்துல நான் ஒருத்தி வேண்டாம்னு சொன்னா நன்றி கெட்டவ ஆயிடுவேன்."

எங்கள் பக்கத்தில் 'சரிங்க' என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று பொருள். 'பாக்கலாமுங்க' என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள். 'நீங்க சொன்னா சரிதானுங்க' என்றால், இதைச் சொன்னது நீங்கள், நான் இல்லை என்று பொருள். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அம்மா ஆயுசு முழுக்க இப்படித்தான் பேசினாள். அன்றைக்குத் திண்ணையில் அந்தச் சரியின் எடை எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நாங்கள் எதிர்பார்த்த பதில் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கேட்டதை விட்டுவிட்டு வேண்டியதை எழுதினேன்.

அடுத்த கமிட்டியில் நடந்ததை அப்படியே சொன்னேன். ராத்திரி பதினொரு மணி வரை சண்டை. தடுக்கிற அதிகாரம் எல்லாருக்கும் இருக்கிறதே, அவர் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்கள். தோப்பு சொந்தமாக உள்ளவரும் தோப்பில் கூலிக்குப் போகிறவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் அந்த அதிகாரம் இருவருக்கும் ஒன்றாகிவிடாது என்றார் தலித் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் இளைஞர். "ஒளிச்சு ஓட்டுப் போட விட்டிருந்தா அந்த அக்கா தப்பிச்சிருப்பாங்க" என்று அவர் சொன்னபோது யாருக்கும் பதில் இல்லை. எனக்கும் இல்லை. இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்: ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது துண்டுச் சீட்டுத்தான் நியாயம். முகத்துக்கு நேரே ஒருவரை வேண்டாம் என்று சொல்லவும், நான் வரவில்லை என்று சொல்லவும் எங்கள் ஊர்களில் பெரிய துணிச்சல் வேண்டும். அப்படியே விதியை மாற்றினோம். ஆட்களுக்குச் சீட்டு, விஷயங்களுக்குப் பேச்சு.

பேச்சின் முறையும் மாறியது. கூட்டம் காலனியில் நடக்க வேண்டும். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். ஆண்கள் வருவதற்கு அரை மணி முன்னால் பெண்கள் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு கூட்டத்தில் எட்டிய முடிவு அடுத்த கூட்டத்தில் மறுபடி வாசித்துக் கேட்ட பிறகே முடிவு. நடுவில் இருக்கும் பதினைந்து நாளில் வீட்டில், வேலைத்தளத்தில், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் அதைப் பேசிப் பார்த்துவிட்டு வருவார்கள். 'சரிங்க' என்று யாராவது சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். "சரின்னா என்னங்க அக்கா?" என்று கேட்பேன். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

இந்த முறை எங்களை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் மழை பொய்த்தது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சித்தூர்ப் புழை, எங்கள் நெல். அணைகள் சில கேரள மண்ணில், மதகு தமிழ்நாட்டின் கையில். 1970இல் கையெழுத்தாகி 1958 முதல் செல்லும்படி வைத்த ஒப்பந்தம். 'தமிழ்நாடு உடனே தண்ணீர் விட வேண்டும்' என்று தீர்மானம் வந்தது. சித்தூர்க்காரர்கள் எல்லாரும் ஒப்பு. ஆனைமலைப் பக்கத்திலிருந்து எங்களோடு நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் அறுபது தாண்டிய விவசாயி ஒருவர், "தடுக்கறேன்" என்றார். "உங்க வயலு காயுது, தெரியும். எங்க வாய்க்காலும் காயுது. இந்தத் தாளைத் தூக்கிட்டு நான் எங்க ஊருக்குள்ள போக முடியாதுங்க."

கேட்கவே வினோதமாக இருக்கும். கேரளத்தில் இருக்கும் தமிழர்கள் தமிழ்நாட்டிடம் தண்ணீர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுத் தமிழர் ஒருவர் மறுக்கிறார். இரண்டு பேரும் பொள்ளாச்சிச் சந்தையில் ஒரே கடையில் விதை வாங்குகிறவர்கள். மூன்று கூட்டம் ஆனது. நான்கில் மூன்று பங்கு எங்களிடம் தாராளமாக இருந்தது. அதைப் பயன்படுத்தினால் அந்த நாலு பேரும் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. ஆற்றின் இரண்டு கரைக்காரர்களும் ஒன்றாக உட்கார எங்களுக்குத் தெரிந்து அந்தப் பகுதியில் வேறு இடம் இல்லை. அந்த விதியைத் தொடவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில் அந்தப் பெரியவரே ஒரு வழி சொன்னார். எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு போனது என்று அதிகாரிகளின் நோட்டில் இருக்கிறது, விவசாயிக்குத் தெரியாது. மணக்கடவில் அளக்கும் கணக்கை ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்துப் பலகையிலும் எழுதிப் போடச் சொல்லுங்கள், பற்றாக்குறை வந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே விகிதத்தில் குறையட்டும், அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். போட்டார். முதலில் எழுதியதைவிட நல்ல தீர்மானம் அது. ஆனால் எழுதி முடிப்பதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. சித்தூரில் இரண்டாம் போகத்தில் பல வயல்கள் காய்ந்து மாட்டுக்குத் தீவனமாகியிருந்தன. அந்த வயல்காரர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் கட்சியை விட்டுப் போனார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2015 தொடக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தோடு என் நான்காவது புத்தகம் முடிகிறது. பிளாச்சிமடை இழப்பை 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் மதிப்பிட்டிருந்தது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. அது டெல்லியில் ஒப்புதலுக்குக் கிடந்தது. காலனிப் பெண்களை இரண்டு பஸ்ஸில் ஏற்றித் திருவனந்தபுரம் போய் மூன்று நாள் தர்ணா உட்கார வேண்டும் என்று யோசனை வந்தது. எல்லாரும் ஆர்வமாக இருந்தார்கள். நானும்தான்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டிய முறை வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"எழுதிக்கோ கண்ணு," என்றார். "தடுக்கறேன். பதிமூணு வருசமா எங்களைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு போட்டோ எடுக்கறீங்க. மூணு நாள் தொழிலுறப்பு போனா எங்க வீட்ல அரிசி போச்சு. இந்தத் தடவை நீங்க திருவனந்தபுரம் போங்க. நாங்க சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து பஞ்சாயத்து ஆபீசு முன்னாடி உக்கார்றோம். தினமும் உக்கார்றோம்."

யாரும் பேசவில்லை. பாலக்காட்டிலிருந்து வந்த சேட்டன், அவர் என்ன சொன்னார் என்று என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை விடாமல் மலையாளத்தில் சொன்னேன், போட்டோ என்ற வார்த்தையையும் சேர்த்து. பிறகு குனிந்து, அவர் பேசிய தமிழிலேயே அதை எழுதினேன்.