40 மீட்டர் உயரத்தில் கிடந்த இறக்கைகள்

மொபைல் டவர் பராமரிப்பு வேலைக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரத்தில் இருக்கும் சைட்டுகள் என் பொறுப்பு. உப்புக்காற்று போல்ட்டைத் தின்னும், கேபிள் முனையைத் தின்னும், அதனால் உள்நாட்டு ஆட்களைவிட நாங்கள் அடிக்கடி மேலே ஏற வேண்டியிருக்கும். அப்படி ஏறிய ஒரு மார்கழிக் காலையில், வாலிநோக்கம் பக்கத்து டவரின் மேல்தட்டில் ஒரு ஜோடி இறக்கைகள் கிடந்தன. உடல் இல்லை. கறி முழுக்க நீக்கப்பட்ட நெஞ்செலும்பு மட்டும் இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது, அந்த எலும்பின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள், கத்தரியால் நறுக்கிய மாதிரி. பக்கத்தில் இன்னும் நாலைந்து ஜோடி. காக்கா வேலை என்று நினைத்துக் காலால் தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன். மறுவாரம் போனால் மறுபடியும் கிடக்கிறது.

கீழே கரைவலை இழுக்கிற பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ராசாளி தம்பி அது. வாடையோட வரும், சோழகம் கெளம்பையில போயிரும்" என்றார். வாடை வடகாற்று, சோழகம் தென்காற்று. எங்கள் பக்கத்தில் கூரிய அலகுள்ள எல்லாப் பறவைக்கும் ராசாளி என்றுதான் பெயர். பிறகு வனத்துறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர்தான் போனில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுப் பொரி வல்லூறு என்றார், ஆங்கிலத்தில் பெரெக்ரின். கருஞ்சாம்பல் முதுகு, வெளிறிய நெஞ்சு, கன்னத்தில் கரியைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு மீசை. நம் நாட்டு மலைப்பாறைகளில் கூடு கட்டும் ஷாஹீன் இதற்கு நெருங்கிய சொந்தம், ஆனால் அதற்கு வயிறு செம்பழுப்பாக இருக்கும். கடற்கரைக்குக் குளிர்காலத்தில் வருவது வடக்கே மரம்கூட முளைக்காத உறைபனிச் சமவெளியில் முட்டை இடும் இனம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நான் கிரீஸ் போடும் டவரில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த சைட்டுக்குப் போவதென்றால் எனக்குத் தனி உற்சாகம்.

அது வேட்டையாடி நான் முழுசாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஜெனரேட்டர் அலாரம் வந்து போயிருந்தேன், வேலை முடிந்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் நூற்றுக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழுந்து, ஒரு துணியை உதறின மாதிரி, ஒரு சமயம் வெள்ளையாகவும் அடுத்த நொடி சாம்பலாகவும் திரும்பின. எதற்கு என்று தேடுவதற்குள் மேலேயிருந்து ஒரு புள்ளி விழுந்தது. இறக்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தண்ணீர்ச் சொட்டு மாதிரி. கூட்டத்திலிருந்து ஓரமாகப் பிரிந்த ஒன்றைக் காலால் அடித்தது, அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, இறகு கொஞ்சம் காற்றில் நின்றது. அடிபட்டது தரைக்கு வருவதற்குள் வளைந்து வந்து பிடித்துவிட்டது.

எங்கள் வேலையில் விழுவதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. 40 மீட்டரில் கை நழுவிய ஸ்பேனர் 3 வினாடிக்குள் தரைக்கு வரும், வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதனால்தான் கீழே யாரையும் நிற்க விடமாட்டோம். இந்தப் பறவை பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அமெரிக்காவில் கென் ஃபிராங்க்ளின் என்பவர் தான் வளர்த்த பெண் வல்லூறோடு விமானத்திலிருந்து குதித்து அளந்து பார்த்தார், 389 கிலோமீட்டர் வந்தது. ஸ்பேனருக்கு அந்த வேகத்தில் திரும்பத் தெரியாது, இதற்குத் தெரியும். கண்ணைக் காக்க ஒளி ஊடுருவும் மூன்றாவது இமை ஒன்று உண்டு. மூக்குத் துளைக்குள் ஒரு சின்ன எலும்பு முளை இருக்கிறது, பாய்ந்து வரும் காற்று நேராக உள்ளே அறையாமல் அது தடுக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். மேல் அலகின் ஓரத்தில் பல் போன்ற கூர்மை, பிடித்ததன் கழுத்தை முறிப்பதற்கு. எலும்பில் நான் பார்த்த வெட்டுகளும் அந்த அலகின் வேலைதான்.

ஆனால் வேகத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் பார்த்த வரையில் அதன் நாளில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பதுதான். மேல்தட்டின் கிழக்கு மூலையில் மணிக்கணக்கில் அசையாமல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பாய்ந்த தடவையெல்லாம் கிடைத்துவிடுவதும் இல்லை. வெறும் காலோடு திரும்பி வந்து, இறகைக் கோதிவிட்டு, மறுபடியும் பார்க்க ஆரம்பிக்கும்.

எனக்கு அடுத்து வந்த வியப்பு இன்னும் பெரியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மலேரியாக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், பம்பை வைத்து வெள்ளைத் தண்ணீரைச் சுவரெல்லாம் அடித்துவிட்டு வாசல் பக்கம் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். அது டி.டி.டி. என்ற பூச்சிமருந்து. அதே மருந்துதான் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொரி வல்லூறை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. பூச்சியில் இருந்த நஞ்சு அதைத் தின்ற பறவைக்கும், அந்தப் பறவையைத் தின்ற வல்லூறுக்கும் ஏறி, கொழுப்பில் சேர்ந்து, முட்டை ஓட்டில் சுண்ணாம்பு படியாமல் கெடுத்தது. அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் எடையிலேயே முட்டை நொறுங்கியது. இங்கிலாந்தில் டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த ஓடுகளை எடை போட்டு, 1940களின் கடைசியிலிருந்து ஓடு திடீரென்று மெலிந்திருப்பதை 1967இல் எழுதினார். 1960களின் நடுவில் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு ஜோடிகூடக் கூடு கட்டவில்லை. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. டாம் கேட் என்ற பேராசிரியர் 1970இல் தொடங்கிய பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பு கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, 4,000க்கும் மேல் வெளியே விட்டது. 1999இல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து அதை எடுத்தார்கள். இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. தடையானது 1989இல்தான்.

இதைச் சொன்னால் சைட்டில் கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: அது இங்கே கூடே கட்டுவதில்லையே, இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது? அது வருஷத்தில் ஏறக்குறைய பாதி நாள் இங்கேதான் சாப்பிடுகிறது. நம் சேற்றில் உள்ளான் என்ன தின்கிறதோ அது வல்லூறின் உடம்புக்கும் போகிறது. இறால் பண்ணைக் கழிவு விழும் ஓடையும், தூர்த்து வேலி போட்ட உப்பங்கழியும், கொக்குக்கும் உள்ளானுக்கும் விரித்த வலையும் அதன் சாப்பாட்டில் கை வைக்கும் வேலைதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்து தேசியப் பூங்கா, 2025இல் தனுஷ்கோடியில் பூநாரைக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். பூநாரைக்கு என்று காப்பாற்றுகிற சேறு உள்ளானுக்கும் ஆகும், உள்ளான் இருந்தால் இதுவும் வரும். என் கவலையெல்லாம் பெயரே இல்லாத சின்னச் சின்னக் கழிகளைப் பற்றித்தான், அவற்றை யாரும் அறிவிக்கப் போவதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த டவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை வந்தது, அதுவும் கார்த்திகையில். மேல்தட்டு அசிங்கமாகக் கிடக்கிறது, வெடியைப் போட்டு விரட்டிவிட்டு ஆளை ஏற்று என்று மேலதிகாரி ஒருவர் போனிலேயே சொன்னார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை, விரட்டினால் வழக்காகும் என்றேன், அவர் காதில் வாங்கவில்லை. அப்புறம் நான் வேறு வழியில் போனேன். வாடைக்காலத்தில் ஈரத்தில் அடித்தால் பெயின்ட் பிடிக்காது, 6 மாதத்தில் உரியும் என்று ரிப்போர்ட் எழுதி, துருப்பிடித்த படங்களோடு அனுப்பினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வேலை சித்திரைக்குத் தள்ளிப்போனது, அதற்குள் அது கிளம்பியிருந்தது. இப்போது அந்த சைட்டின் பெரிய வேலையெல்லாம் சித்திரைக்கு மேல்தான், அது அப்படியே பழக்கமாகிவிட்டது.

இந்த வருஷம் ஐப்பசி நடுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஆன்டெனா கேபிள் மாற்றப் போயிருந்தான். 24 மீட்டர் வரை ஏறினால் போதும், அதற்கு மேல் போகாதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன். மத்தியானம் போன் செய்தான். "அண்ணே, வந்துருச்சுண்ணே" என்றான். பறந்துவிட்டதா என்று கேட்டேன். அவன் மேற்குப் பக்கக் காலில் ஏறி, வேலையை முடித்து, இறங்கி வந்து டூல்பேக்கைக் கட்டும் வரைக்கும் அது கிழக்கு மூலையில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்ததாம்.